பின்பக்கமாக வந்த நோயாளிகள்

கார் சட்டென்று நின்றதில் பின்சீட்டில் இருந்த பிஸ்கட் டப்பா முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"டேய், மறுபடியும் மிதிச்சுட்டியா?" என்று அலறினார், காரை ஓட்டிவந்த நண்பர் ரேடியோ.

மாட்டு டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. ரேடியோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மாணவர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதற்காக அவருடைய காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. சாலையோரம் நொண்டிக்கொண்டு போன வெள்ளாட்டைக் கண்டதும் டாக்டரின் கால் தானாக அந்தப் பிரேக்கைத் தேடி மிதித்துவிட்டது.

"சும்மா பார்த்தேன். இறங்கலையே" என்றார் டாக்டர்.

"இறங்கிப் பாருங்க, நாங்க அப்படியே போயிட்டே இருப்போம்" என்றாள் மகள். அவள் மடியில் மேனேஜர் தலை வைத்துப் படுத்திருந்தார். மேனேஜர் அவர்கள் வீட்டு நாய். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களை மட்டும் கண்காணித்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர்.

மனைவி கையை நீட்டி பிஸ்கட் டப்பாவைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து டாக்டரும் அவளும் சேர்ந்து கிளம்பிய எந்தப் பயணமும் உருப்படியாக முடிந்ததில்லை. மைத்துனியின் கல்யாணப் புகைப்படத்தில் டாக்டர் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளிதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் எருமைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரைக்குப் போன வருஷம், சவாரிக் குதிரை ஒன்றின் பல்லைப் பார்க்கப் போய்க் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டார்கள். அப்போதெல்லாம் மனைவி சண்டை போட்டாள். சண்டையை டாக்டர் தாங்கிக்கொள்வார். கடிக்கிற உயிர்களை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர். ஆனால் இந்த முறை அவள் துணியை மடித்துக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"இந்த ரெண்டு நாள் எனக்கும் பாப்பாவுக்கும். ஆடு, மாடு, கோழி, ஒண்ணும் கிடையாது. இந்தத் தடவையும் சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னா, இனிமே எங்கேயும் வாங்கன்னு உங்களைக் கூப்பிட மாட்டேன்."

கோபமே இல்லாத அந்தக் குரல் அவரை ஆட்டிவிட்டது. சத்தியம் செய்தார். மருந்துப் பெட்டியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பூட்டினார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் ரேடியோவையும் தனியாக அழைத்துப் போனார்.

"நான் டாக்டர்னு அங்க ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. எனக்கு உன் வாயை நினைச்சாத்தான் பயம்."

"என் வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு. யாராவது கேட்டா, நீ கடிகாரம் ரிப்பேர் பண்றவன்" என்றார் ரேடியோ. தலைமையாசிரியருக்கு மாற்றல் வந்ததை அவருக்கே தெரிவதற்கு முன்னால் வகுப்பில் அறிவித்தவர் அவர். பெயர் அப்படி வந்ததுதான்.

ஏரியை ஒட்டிய சின்னத் தெருவில் வாடகை வீடு. முன்னால் ஒரு வராந்தா, பின்னால் ஒரு குட்டைச் சுவர், சுவரை ஒட்டி ஒரு குழாய். போய்ச் சேர்ந்ததும் மகள் மாடிக்கு ஓடினாள். ரேடியோ குளிக்கப் போனார். டாக்டர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓய்வெடுக்கத் தொடங்கினார்.

ஓய்வு அவருக்குப் பழக்கமில்லாத வேலை. செய்தித்தாளை ஏல அறிவிப்பு வரை படித்து முடித்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்தார். கீழே இறங்கிவந்த மகளைப் பிடித்துக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"அப்பா! நான் என்ன கன்னுக்குட்டியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கொட்டாவி விட்டாள். டாக்டர் ஆர்வமாக எட்டிப் பார்த்து, "கடைவாய்ப் பல்லு தேஞ்சிருக்கு" என்றார்.

மனைவி வாயை மூடிக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பால் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், "அலைச்சல். நான் கொஞ்சம் படுக்கறேன். யாரும் எழுப்பாதீங்க" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு சாத்திய சூட்டோடு பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டாக்டரே... டாக்டரே..."

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு தையல்காரர் சுவருக்கு மேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். கையில் துணிப்பை. பைக்குள் ஏதோ முனகியது.

"நான் டாக்டர் இல்லைங்க. கடிகார ரிப்பேர்."

"சரிங்க. இந்தப் பூனை நேத்துலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலைங்க."

டாக்டர் சாத்திய கதவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு காது எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், சத்தியம் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டது.

பூனையின் பல்லிடுக்கில் நூல் சிக்கி நாக்கைச் சுற்றியிருந்தது. தையல்காரரின் கத்திரியாலேயே அதை வெட்டி எடுத்தார். குழாயடியில் யாரோ புது சோப்பு ஒன்று வைத்திருந்தார்கள். நல்ல வீட்டுக்காரர் போல என்று நினைத்துக்கொண்டு முழங்கை வரை கழுவினார். மனைவி எழுந்து வந்தபோது வராந்தாவில் கால்மேல் கால் போட்டுச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஒரே குஷி?"

"ஓய்வுன்னா ஓய்வுதான்!"

மறுபடியும் சுவரிலிருந்து குரல் வர அதிக நேரம் ஆகவில்லை. இந்த முறை பேக்கரிக்காரர். அவருடைய வாத்து ஒரு காலில் நிற்கிறதாம். தூக்கி வர விடவில்லையாம், கொத்துகிறதாம்.

டாக்டர் மேனேஜரின் கழுத்துப்பட்டையை மாட்டினார். "இவரை ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க. அவருக்கும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

வாத்துக்குப் பாதத்தில் முள். அங்கிருந்து திரும்புவதற்குள் பேக்கரிக்காரரின் பக்கத்து வீட்டில் முயலுக்குக் காதில் புண். இருட்டுவதற்குள் மேனேஜர் இன்னொரு நடை போனார். மறுநாள் விடிந்ததும் ஒன்று, காலை உணவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சலவைக்காரரின் கழுதைக்குக் குளம்பு சீவிவிட்டு வந்தபோது மேனேஜர் வாசற்படியிலேயே நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டார். பட்டையைக் காட்டியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மனைவி குனிந்து தடவிக் கொடுத்தாள். "பாவம், இவருக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு. இந்த ஊர்ல மாட்டு டாக்டர் யாராவது இருக்காங்களான்னு விசாரிக்கட்டுமா?"

ரேடியோவுக்குக் காப்பி புரையேறியது.

நாய் கைவிட்டதும் நண்பன்தான் மிச்சம். அடுத்த முறை சுவரில் தலை தெரிந்தபோது டாக்டர் ரேடியோவின் தோளில் கை போட்டார். "இவனுக்கு வயிறு சரியில்லை. கொஞ்சம் நடந்தாத்தான் அடங்கும். கூடப் போறேன்."

"அய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணா?" என்று பதறினாள் மனைவி. "இன்னிக்கு முழுக்க உங்களுக்கு வெந்நீரும் வெறும் ரொட்டியும்தான்."

தெருமுனையில் ஆட்டுக்குட்டி ஒன்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ரேடியோ பொங்கினார். "வீடு முழுக்க வறுவல் வாசனை. எனக்கு மட்டும் ரொட்டியாடா?"

"நீ பேசாதே. தெருவுக்கே எப்படித் தெரிஞ்சுது? நீதானே ஒலிபரப்பினே?"

"என் தலைமேல சத்தியம். ஒரு வார்த்தை சொல்லலை."

"உன் தலைக்கு நாளைக்கே ஒண்ணும் ஆகாம இருக்கணுமேன்னு கவலையா இருக்கு."

ரேடியோவின் முகம் தொங்கிப்போயிற்று. "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ரகசியத்தைக் காப்பாத்தியிருக்கேன்டா. அதையும் நம்ப மாட்டேங்கறே."

டாக்டர் நம்பத்தான் இல்லை. இருவரும் வீட்டுக்கு வந்தால், முன்வாசலில் அந்தத் தையல்காரர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். எதிரே மனைவி.

"உங்க நண்பர் டீக்கடையில சொன்னார்ங்க. நீங்க கடிகாரமும் பார்ப்பீங்களாமே?"

"கடிகாரமுமா?" என்றாள் மனைவி. "அப்போ வேற என்ன பார்ப்பார்?"

"வேடிக்கை" என்றார் ரேடியோ அவசரமாக.

தப்பிக்க வழியில்லை. டாக்டர் கடிகாரத்தை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டார். திருப்பிப் போட்டு வயிற்றுப் பக்கம் விரலால் தட்டிப் பார்த்தார். திறந்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு ஒரு பல்சக்கரம் மேஜைமேல் மிச்சம் இருந்தது.

"இது இல்லாமலே நல்லா இருக்கும்" என்றார், அறுவை சிகிச்சை முடித்த குரலில். தையல்காரர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மனைவி திரும்பி ஜன்னல் திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். திரை நேராகத்தான் இருந்தது.

"உங்களுக்கு இந்தக் கைவேலையெல்லாம் எப்ப வந்துச்சுன்னே தெரியலை. சரி, சாப்பிட்டுக் கிளம்புவோம். படகு சவாரி. நாலு பேரும் ஒரே படகு."

அதற்காகத்தான் அவள் இந்த ஊரையே தேர்ந்தெடுத்திருந்தாள். படகில் போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டபோது டாக்டர் மனசுக்குள் முடிவு செய்தார்: இனிமேல் சுவருக்கு மேல் யானையே எட்டிப் பார்த்தாலும் திரும்ப மாட்டேன்.

செருப்பு மாட்டும்போதுதான் பால்கார அம்மா சுவரருகே வந்து நின்றாள். முதல் முறையாக ஒருவர் கிசுகிசுக்காமல் பேசினார்.

"காலையிலேர்ந்து முக்குதுங்க. ஒரு கால்தான் வெளியே தெரியுது. எனக்கு இருக்கிறதே அந்த ஒரு மாடுதாங்க."

டாக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். நாயையும் நண்பனையும் காட்டித் தப்பிக்கிற விஷயம் இல்லை இது. நேராக முன்வாசலுக்குப் போனார். மனைவி தொப்பி வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"நான் போகணும். ஒரு மாடு. நான் போகலைன்னா ரெண்டு உயிரும் போயிடும்." அவள் தொப்பியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்துலேர்ந்து உனக்குத் தெரியாம நான்... வந்து எல்லாம் சொல்றேன். மன்னிச்சுக்கோ."

மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் லேசாகக் குலுங்கியது.

"போங்க" என்றாள்.

தொழுவத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் குலுங்கிய தோள்தான் அவர் கண்முன் நின்றது. ஆனால் மாட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கன்றின் மற்றொரு முன்கால் உள்ளே மடிந்து சிக்கியிருந்தது. வெள்ளைச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டினார். மண்ணில் பக்கவாட்டில் படுத்து, கையை உள்ளே விட்டு, மாடு முக்கும்போது நிறுத்தி, விடும்போது நகர்த்தி, மடிந்த காலை அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினார். "இருடி தங்கம். இரு, இதோ ஆச்சு" என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். ரேடியோ மாட்டின் தலையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வாழ்க்கையில் இரண்டாவது முறையாக மௌனமாக இருந்தார்.

வழுக்கிக்கொண்டு வந்து விழுந்த கன்று அசையவில்லை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் துரும்பை உள்ளே விட்டுச் சீண்டினார். கன்று ஒரு பெரிய தும்மல் போட்டது. ரேடியோ அழுதுவிட்டார்.

பால்கார அம்மா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். டாக்டர் கை கழுவினார். சட்டை என்ற பெயரில் உடம்பில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. படகெல்லாம் கரைக்குத் திரும்பியிருக்கும்.

"முடிஞ்சுது" என்று வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். "இனிமே அவ என்னை எங்கேயும் கூப்பிட மாட்டா. அழுதுட்டாடா. நான்தான் பார்த்தேனே."

ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார்.

டாக்டர் நிமிர்ந்தார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு மறைக்காம சொல்லுங்க. நான் டாக்டர்னு தெருவுல பரப்பினது இவன்தானே?"

பால்கார அம்மா கன்றைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இவரா? இவரு பாவம், நேரா நிறுத்திக் கேட்டப்பகூட கடிகாரம்னே சாதிச்சாரு. நேத்து உங்க வீட்டம்மாதாங்க பால் வாங்க வந்தவங்க வீடு வீடா ஏறி, 'எங்க வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது, முகம் வாடிப்போகுது, நோவு கண்டது எது இருந்தாலும் ஒவ்வொண்ணா பின்பக்கமா அனுப்புங்க, எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதீங்க, என்னை ஏமாத்திட்டுப் பார்த்தாத்தான் அவருக்கும் லீவுல இருக்கற மாதிரி இருக்கும்'னு சொல்லிட்டுப் போனாங்க."