காட்டு வெற்றிலையில் ஒரு கிறிஸ்துமஸ்

கையில் காசு இல்லாத வருடங்களில்தான் அப்பாக்கள் பிள்ளைகளுக்கு அதிகமாக வாக்குக் கொடுக்கிறார்கள். காசு இருந்தால் கடைக்குக் கூட்டிப் போய் வாயை அடைத்துவிடலாம். இல்லாதபோது நம் வாயை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அந்த வருடம் நான் ரொம்பவே சமாளித்தேன்.

நாமக்கல்லில் நான் வைத்திருந்த செல்போன் கடை படுத்துவிட்டது. (கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் நான்.) என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கொல்லிமலையில், குண்டனி நாட்டில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மலையேறினோம். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஊர் எனக்கு 'நர்ஸம்மா ஊட்டுக்காரர்' என்று பட்டம் கொடுத்துவிட்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. வேலை வெட்டி இல்லாதவனுக்குப் பெயர் ஒரு கேடா என்று நானும் இருந்துவிட்டேன்.

மகள் ஜென்சி அப்போது நான்காம் வகுப்பு. மகன் சாம் யு.கே.ஜி. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு மாதம் ஜென்சி தனியாகத்தான் சாப்பிட்டாள். பிறகு வினோதினி என்று ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எங்களுக்கு வாடகைக்கு வீடு விட்டிருந்த பெரியண்ணனின் மகள். அதற்குப் பிறகுதான் ஜென்சி காலையில் அழாமல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எவ்வளவு கடமைப்பட்டிருந்தோம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு எங்களுடையது ஒன்றுதான். டிசம்பர் பிறந்ததும் வகுப்பில் எல்லோரும் விசாரித்திருக்கிறார்கள். ஜென்சி தாராளமாக அளந்துவிட்டிருக்கிறாள். "கூரையத் தொடற மாதிரி எங்கப்பா மரம் வெப்பாரு, எல்லாரும் வாங்க." எங்களிடம் இருந்த பிளாஸ்டிக் மரம் கடையோடு சேர்ந்து அடுத்தவன் கைக்குப் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. மரம் இல்லையென்றால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். புதுப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் ஒரு முறை ஒட்டினால் லேசில் போகாது.

"வெச்சுரலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெரியண்ணனிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா, வேலியோரம் நிக்கிற சில்வர் ஓக் மரத்துல சின்னதா ஒண்ணு வெட்டிக்கலாமுங்களா? கிறிஸ்துமஸுக்குங்க."

"அதுக்கென்னங்க, நம்ம மரந்தானுங்களே. நெருக்கமா வேற நிக்குது. வெட்டிக்கோங்க" என்று அவரே கொடுவாளையும் எடுத்துக் கொடுத்தார்.

சிம் கார்டு கழற்றும் ஊசிதான் அதுவரை நான் கையாண்ட பெரிய ஆயுதம். கொடுவாளைப் பிடித்ததும் எனக்கு ஒரு வீரம் வந்தது. வரிசையில் இருந்த மரங்களை எல்லாம் பெண் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒன்று, நல்ல வடிவாக, மேலே போகப்போகக் கூம்பிக்கொண்டு நின்றது. அதன் தண்டில் ஒரு கொடி ஏறியிருந்தது. வெற்றிலை மாதிரி இலை. இலைகளுக்கு நடுவே சரம் சரமாகப் பச்சை மணிகள். அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்பு. பச்சையும் சிவப்பும் கிறிஸ்துமஸ் நிறமாயிற்றே. கடையில் இந்த மாதிரித் தோரணத்துக்குத் தனியாகக் காசு. இங்கே ஆண்டவரே மரத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், கொடியோடு சேர்த்து அடியில் போட்டேன் ஒரு போடு. (ஒரு போடு என்பது சும்மா. அரை மணி நேரம் கொத்தினேன்.)

ட்யூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா, "அது என்னங்க கொடி?" என்றாள்.

"காட்டு வெத்திலை" என்றேன். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மலைக்கு வந்த நாளாக மிளகுக் கொடியைப் பனை உயர மரங்களில் அண்ணாந்து பார்த்திருந்தேனே தவிர, கைக்கெட்டும் உயரத்தில் பார்த்ததில்லை. கிட்டத்தில் நான் பார்த்த மிளகெல்லாம் அஞ்சறைப் பெட்டியில் கறுப்பாக உருண்டு கிடந்ததுதான்.

சாம் ஒரு சிவப்பு மணியைப் பிய்த்துக் கடித்துவிட்டு, "காரமா இருக்குப்பா" என்றான்.

"காட்டுல இருக்கிறதெல்லாம் அப்படித்தான் இருக்கும். துப்பு சாமி" என்று அறிவுரை சொன்னேன்.

மூங்கில் குச்சியில் நட்சத்திரம் செய்தோம். பழைய ஜரிகையைத் தண்டில் சுற்றினேன். தண்டில் ஏதோ ஒரு நீலத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. அது தெரியாதபடி நன்றாகச் சுற்றினேன். கேக்குக்குப் பதில் ரவைக் கேசரியைத் தூக்குப் போசிப் பாத்திரத்தில் அழுத்தி, கவிழ்த்து, மேலே ஒரு மெழுகுவர்த்தி நட்டாள் ஸ்டெல்லா. ஜென்சி மரத்தைப் பார்த்துவிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காசே இல்லாமல் கிறிஸ்துமஸ் நடத்துவது எப்படி என்று ஊருக்கே வகுப்பு எடுக்கலாம் போல எனக்கு இருந்தது.

மறுநாள், கிறிஸ்துமஸ் மத்தியானம், வகுப்பே வந்தது. வாசலில் செருப்புகள் குவிந்தன. பிள்ளைகள் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வினோதினி மட்டும் மேலே பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்தாள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஜரிகையை விலக்கினாள். நீலத் துணி தெரிந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் யூனிபார்ம் பாவாடையும் அதே நீலம்தான்.

"இது என்னுதுங்க, என்ற கொடி" என்றாள்.

ஜென்சி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான், "இல்ல கண்ணு, இது காட்டு வெத்திலை" என்றேன்.

 அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதுவரை வாங்கியதில்லை. "மொளகுங்க" என்றான் ஒருவன், பாவம் பார்த்து. "நான்தான் காரம்னு சொன்னேனே" என்றான் சாம். வினோதினியும் ஜென்சியும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பண்டிகைக்கென்று ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு பெரியண்ணன் உள்ளே வந்தார். மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மரந்தான் என்னுதுங்க. கொடி அவளுது. பள்ளிக்கூடத்துல சேத்தப்ப அவ பேருல நட்டு, அடையாளத்துக்கு யூனிபார்ம் துணியக் கட்டி உட்டது. எங்கூட்டுல எல்லாத்துக்கும் ஆளுக்கொரு கொடி உண்டுங்க. இது மொத காய்ப்பு. பொங்கலுக்குக் கோயில்ல வெக்கோணும்னு இருந்தா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நானும் எந்த மரம்னு கேட்டிருக்கோணும். உடுங்க, எங்க சாமிக்கு வெச்சது உங்க சாமிகிட்ட வந்துருச்சு" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரத்துக்கு ஓர் ஆள், கொடிக்கு ஓர் ஆள் இருக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. காசில்லை என்று நினைத்து நினைத்து, கண்ணில் பட்டதெல்லாம் இலவசமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கையில் இல்லாதவன்தான் அடுத்தவர் பொருளில் ஜாக்கிரதையாக இருப்பான் என்று பேர். நான் ஒரு குழந்தையின் மூன்று வருடத்தை வெட்டி எடுத்து வந்து, அதற்கே வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ கண்ணு, தெரியாம பண்ணிட்டேன்" என்றேன்.

வினோதினி யோசித்தாள். "கேட்டிருந்தா நானே கொஞ்சம் பறிச்சுக் குடுத்திருப்பனுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜென்சி சமையலறைக்குப் போய் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வினோதினியிடம் நீட்டினாள்.  பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடியும் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்குமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வினோதினி தாம்பாளத்தை வாங்கவில்லை. "நீ புடிச்சுக்க, நான் பறிக்கறேன்" என்றாள். இரண்டு பேருமாக ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எப்படிக் கிள்ளுவது என்று ஜென்சிக்கு ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் மத்தியானம் எங்கள் வீட்டில் மிளகு அறுவடை நடந்தது. காய் முற்றியிருந்ததால் கோயிலுக்கு ஆகும் என்றார் பெரியண்ணன். நட்சத்திரத்துக்குக் கீழே இருந்த கடைசிச் சரத்துக்கு ஜென்சி எக்கியபோது, "அது இருக்கட்டும் புள்ள" என்று வினோதினி தடுத்துவிட்டாள். பிறகு எல்லோரும் மிளகு வாசம் அடிக்கும் கையோடு கேசரி சாப்பிட்டார்கள். கண்ணைக் கசக்கிய சாமுக்கு ஸ்டெல்லா தண்ணீர் ஊற்றினாள்.

வேர் இருந்தால் கொடி தழைக்கும் என்று பெரியண்ணன் சொன்னார். கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். மழைக்குத் தழைத்துப் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டது. 'நர்ஸம்மா ஊட்டுக்காரர்' என்ற பட்டம் மட்டும் போனது போனதுதான். மலையை விட்டு இறங்கும்வரை நான் 'காட்டு வெத்திலைக்காரர்'. (ஸ்டெல்லாவிடம் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "காட்டு வெத்திலை நல்லா இருக்காருங்களா?" என்று விசாரிப்பார்கள்.)

இப்போது நாமக்கல்லில் மறுபடியும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறேன். ஜென்சியும் வினோதினியும் வேறு வேறு ஊர்க் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் வினோதினியிடமிருந்து எனக்குத்தான் முதலில் போன் வரும்.

"அங்கிள், இந்த வருசம் என்னத்த வெட்டப் போறீங்க?"

"ஒண்ணும் வெட்டல சாமி. கடையில பிளாஸ்டிக் மரம் வாங்கியாச்சு."

"யாருதுன்னு கேட்டு வாங்குனீங்களா?"

பில் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள், விடுமுறைக்கு வந்திருக்கும் ஜென்சி போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அதன்பிறகு சாப்பாட்டு நேரம் வரை அந்தப் போன் எனக்குத் திரும்பக் கிடைக்காது.