உள்ளங்கையில் ஏறிய நம்பர்

“கதவைத் திறங்க! அரை மணி நேரமா உள்ள என்னதான் பண்றீங்க?”

குளியலறைக்குள் கலர் மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெயின்ட் நிறங்களை நம்பர் போட்டு அச்சிட்ட ஷேடு கார்டை உள்ளங்கையோடு ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை 312. நேற்று 313. இன்று சந்தேகமே இல்லை, 314!

பெயின்ட் கடையில் இருபது வருஷமாக நிறம் கலப்பவர். எந்தச் சுவரையும் பார்த்த மாத்திரத்தில் நம்பர் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட ‘பழுப்பு 207’ என்றுதான் கூப்பிடுவார்.

கதவைத் திறந்து கையை நீட்டினார். “எனக்கு மஞ்சள் காமாலை.”

மனைவி அசரவில்லை. “பெயின்டா இருக்கும். கழுவுங்க.”

“எது பெயின்ட், எது தோல்னு எனக்குத் தெரியாதா?”

வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸில் மருத்துவப் பரிசோதனை. தேறினால் புதுக் கிளைக்கு அவர்தான் மேனேஜர். கோட்டைவிட்டால், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாத கடைக் கேஷியருக்கு நாற்காலி போய்விடும். இன்னும் நாலே நாள்!

மனைவியின் தம்பி ஓடி வந்தான். போனில் படித்தே பாதி டாக்டர் ஆனவன்.

“கல்லீரல் சோர்ந்து போனா மூணு அறிகுறி மாமா. பசிக்காது, அசதியா இருக்கும், உடம்பு அரிக்கும். இருக்கா?”

“ஒண்ணுமே இல்லையேடா.”

“அப்ப ஆரம்ப கட்டம். அமுக்கிடலாம்!”

அன்றே வைத்தியம் ஆரம்பம். வெறும் வயிற்றில் ஒரு செம்பு பாகற்காய்ச் சாறு. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததுமே அவருக்குக் குமட்டியது.

“பசிக்கலடா!” என்று போனில் அலறினார்.

“முதல் அறிகுறி வந்திருச்சு மாமா! எண்ணெய், இனிப்பு, வறுத்தது எல்லாத்தையும் நிறுத்துங்க. வெந்த காய் மட்டும்.”

மறுநாள் கடை ஏணியில் ஏறும்போது கால் தந்தியடித்தது. அசதி! ரெண்டாவதும் வந்தாயிற்று.

ஒருவேளை மனைவி சொன்னதுபோல் பெயின்ட்தானோ என்று கையை, பெயின்டைக் கரைக்கும் தின்னரில் ஊறவைத்துத் தேய்த்தார். நிறம் இம்மிகூட அசையவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் முழங்கை வரை அரிப்பு பிடுங்கித் தின்றது.

“மூணும் ஆஜர்டா!”

“பயப்படாதீங்க. பழச்சாறு குடிங்க. கல்லீரலைக் கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்.”

அந்த ஒன்றுதான் அவருக்குச் சந்தோஷம் தந்த வைத்தியம். எதிர்க்கடையில் தினமும் மூணு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பவர், அதை ஆறாக்கினார்.

“நிறம் பரவாயில்லையா சார்?” என்று ஜூஸ்காரர் வழக்கம்போல் கேட்டார்.

“ஜூஸ் பிரமாதம்யா. என் நிறம்தான் கவலை!”

புதன் 316. வியாழன் 317. மனைவியே இப்போது காமாலைதான் என்று நம்பிவிட்டாள். ரத்தமாவது ஊறட்டும் என்று ராத்திரி அரைக் கிலோ பீட்ரூட்டை வேகவைத்து ஊட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கழிவறையிலிருந்து ஒரு கூச்சல். “சிவப்பு! 502!”

மனைவி ஒரு பக்கமும் மைத்துனன் மறுபக்கமும் தாங்கிக்கொள்ள, பரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்தார். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு, இமையை இழுத்துப் பார்த்தார்.

“கண்ணு வெள்ளையா இருக்கு.”

“எந்த வெள்ளை டாக்டர்? 101ஆ, 104ஆ?”

“வெள்ளை வெள்ளைதான்யா! காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். ரத்தத்துலயும் கோளாறு இல்ல. உங்க கல்லீரல் கல்லு மாதிரி… சேச்சே, நல்லா இருக்கு. சிவப்பா போனது பீட்ரூட்டால. பசி போனது, அசதி, அரிப்பு, இதெல்லாம் உங்க வைத்தியத்தோட கைங்கரியம்.”

மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

“அப்ப கை?”

“கேரட். ஒரு மாசமா மூட்டை மூட்டையா தின்னிருக்கீங்க. நிறுத்தினா தானா வெளுத்துடும்.”

“கேரட்டா! அதைக் கண்டாலே எனக்கு ஆகாது டாக்டர்!”

“எங்க வீட்டு வாசப்படியே மிதிச்சதில்ல,” என்று மனைவியும் சத்தியம் செய்தாள்.

டாக்டர் ‘தகுதி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர்! மர்மம் கிடக்கட்டும் என்று மூவரும் கொண்டாட நேராக ஜூஸ் கடைக்கே போனார்கள்.

“கேட்டியாய்யா கதையை? நான் கேரட் தின்னேனாம்!” கலர் மாஸ்டர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கார்டை எடுத்து, கடைசியாக ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 318. அச்சு அசல்.

டம்ளரை நீட்டிய ஜூஸ்காரரின் கை பாதியில் நின்றது. கார்டைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

“சார்… பாதிக்குப் பாதி கேரட் சேர்க்காம நான் வேற என்னதான் பண்றது? போன மாசம் இதே கார்டை நீட்டி, ‘ஜூஸ் வெளிறிப்போய் இருக்கு, எனக்கு மட்டும் 318க்குக் கொண்டு வா’ன்னு அடம்பிடிச்சது நீங்கதானே!”