கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர்

உலகத்தில் கெட்டவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். செய்வது கெட்டது என்று அவர்களுக்கே ஓரளவு தெரியும். இங்கே உங்களுக்குக் காட்டப்போவது வேறு இனம். இவர் மனித குலத்துக்கு மொத்தமாக நன்மை செய்கிறவர், சில்லறையாகச் செய்யமாட்டார். பஸ்ஸில், வங்கி வரிசையில், சங்கக் கூட்டத்தில் எங்கும் இவரைப் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒருவர் அடி வாங்கி முனகும்போது பக்கத்திலிருந்து, "கூட்டிக் கழிச்சுப் பாருங்க, மொத்தத்துல எல்லாருக்கும் நல்லதுதானே?" என்று ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரல்தான் இவர். முனகுகிறவர் இடத்தில் இவர் இருந்து யாரும் பார்த்ததில்லை.

நம் கைக்குச் சிக்கியிருக்கும் மாதிரி, ஒரு பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடும் அதிகாரி. குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளரும் அவரே. ஊர் வைத்த பெயர் கூட்டல் சார். கல்யாணமான புதிதில் அவர் தன் மனைவியிடம் சொன்னார்: "மந்திரியும் ஒண்ணு, மூட்டை தூக்கறவனும் ஒண்ணு. யாரும் ஒண்ணரை கிடையாது." இப்படி ஒரு நியாயஸ்தர் நமக்கு வாய்த்தாரே என்று அந்த அம்மாள் பூரித்துப்போனது உண்மை. பூரிப்பு கொஞ்ச காலம் இருந்தது.

ஆபீஸில் அவர் செய்த பெரிய சாதனை, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை எடுத்தது. அங்கே இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்; இறங்க நேரம் எடுப்பவர்கள், ஊன்றுகோல், கட்டுப்போட்ட கால், பிடித்து இறக்கவேண்டிய கர்ப்பிணி என்று. நிறுத்தம் போனால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் மிச்சம். அந்த இரண்டு நிமிடத்தை அத்தனை பயணிகளாலும், அத்தனை பஸ்ஸாலும், வருஷத்தின் அத்தனை நாட்களாலும் பெருக்கினார். வந்த தொகையைப் பார்த்து மேலதிகாரிகள் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். மிச்சமான இரண்டு நிமிடத்தை யார் என்ன செய்தார்கள்? ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். ஊன்றுகோல்காரர்கள் அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்து வந்தது அந்த ஜன்னலில் நன்றாகத் தெரிந்தது.

கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரை எங்கே வைப்பது என்று ஒரு கூட்டம். தரைத்தளத்து வீட்டின் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைத்தால் குழாய்ச் செலவு குறைவு. அந்த வீட்டில் ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர். "சார், நான் எப்பதான் தூங்கறது?" என்று கேட்டார். "நியாயமான கேள்வி," என்றார் கூட்டல் சார். பிறகு எல்லாரையும் கை தூக்கச் சொன்னார். ஒரு வீட்டின் தூக்கத்துக்கு எதிரே முப்பது வீட்டுத் தண்ணீர். கூட்டல் சார் மனைவியும் கை தூக்கினார். தண்ணீர் அவருக்கும் வேண்டியிருந்தது.

வீட்டில் ஐந்து பேர்: கணவன், மனைவி, மகன், மருமகள், படிக்கிற மகள். மேஜையில் நாலு பேர் சூடாகச் சாப்பிடலாம், ஒருவர் அடுப்படியில் நின்றால். ஹாலில் நாலு பேர் விரும்பின சேனலைப் பார்க்கலாம், ஒருவர் துணி மடித்தால். காலையில் நாலு பேர் சரியான நேரத்துக்குக் குளித்துக் கிளம்பலாம், ஒருவர் எல்லாருக்கும் முன்னால் எழுந்தால். அந்த ஒருவர் யார் என்று அந்த வீட்டில் யாரும் விவாதித்ததில்லை.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அந்த அம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சிக்கு நாளன்னிக்கு ஆபரேஷன். நான் போய் பத்து நாள் கூட இருந்துட்டு வரேன்."

தாயில்லாத வீட்டில் தலை வாரிப் பின்னிவிட்டு அவரே வளர்த்த தங்கை. முதல் நாள் போனில், "அக்கா, உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்துட்டா போதும்" என்று அழுதிருந்தாள். அக்காவுக்கும் பயம்தான். போகாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தாங்காது.

கூட்டல் சார் முடியாது என்று சொல்லவில்லை. இந்த இனம் அப்படிச் சொல்லாது. விரலை மடக்கத் தொடங்கும்.

"அங்க ஒருத்தி. புருஷன் இருக்கான், ஆஸ்பத்திரி ஆளுங்க இருக்காங்க. நீ போனா அவளுக்கு ஆறுதல், இல்லேங்கல. இங்க நாலு பேர். மூணு வேளை, பத்து நாள். நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு."

மகன் தட்டைப் பார்த்தான். மகள் போனைப் பார்த்தாள். மருமகள் மட்டும், "பரவாயில்ல மாமா, நாங்க பார்த்துக்கறோம்..." என்று இழுத்தாள்.

"உன் கஷ்டத்தையும் சேர்த்துத்தாம்மா கணக்குப் போட்டேன்."

மருமகள் நன்றியோடு வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க நாலு பேர்னு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அம்மாள்.

"நான், பையன், மருமக, பொண்ணு."

"நான்?"

கூட்டல் சார் திடுக்கிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சிரித்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

"நீ செய்யறவ. டிரைவரை எங்கயாவது பயணிங்க கணக்குல சேர்ப்பாங்களா?"

அம்மாளுக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். இத்தனை வருஷமும் தான் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்ப சரி. கணக்குல இல்லாதவ போனா கணக்கு குறையாதில்ல? நான் இருந்தாலும் நாலு, போனாலும் நாலு. நான் கிளம்பறேங்க."

கூட்டல் சார் பிழையைத் தேடினார். நேர்மையானவர், பிழை கிடைக்காமல் மறுப்புச் சொல்லமாட்டார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மாள் இரண்டு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடியில் அது கேட்டதே இல்லை. இங்கே சுவர் அதிர்ந்தது, நர்ஸ் வீட்டுக் கதவு அதிர்ந்தது, நின்றவர் பல்லும் அதிர்ந்தது. இதற்கா கை தூக்கினோம் என்று கூசிப்போய் அம்மாள் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார். மேலே ஒருவர் முகமெல்லாம் சோப்போடு குழாயைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்று முப்பது வீட்டுக்கும் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறியது. யாரும் சாகவில்லை.

சாயந்திரம் வீடு திரும்பியவர்கள் ஆறிப்போன அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கூட்டல் சார் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு முகம் தெளிந்தது. மருமகள் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து நீ ஆபீஸ்ல சொல்லிட்டு ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடேம்மா. கூட்டிக் கழிச்சுப் பாரு, மொத்தத்துல எல்லாருக்கும் நல்லது."

"சரி மாமா, நாலு பேருக்கும் நானே..." என்று அவள் தொடங்கினாள்.

"மூணு பேரும்மா," என்று அன்போடு திருத்தினார்.

இப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை என்பது தெரிந்ததுதான். அவரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே. ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். யாரென்று நிமிர்ந்து பார்த்தீர்களா?