அசல் மெட்டுக்காரர்

அசல் மெட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. யார் எதைப் பாடினாலும் தொண்டையைக் கனைத்து, "அது அப்படி இல்லீங்க" என்பார். செக் நாட்டின் தென் மொராவியாவில் பாடகர் குழுவுக்கு ஒருவர் நிச்சயம். த்ராஹோமீரா டீச்சர் நடத்தும் குழுவுக்கு வெண்டலீன் வாய்த்தார்.

அந்த வட்டாரத்து நாட்டுப்பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து, ஓர் இசையமைப்பாளர் நான்கு குரலுக்குக் கோத்துத் தந்த இருபது நிமிடக் கோரஸை அவர்கள் பாடினார்கள். கேட்டால் உடம்பு சிலிர்க்கும், சத்தியமாக. வெண்டலீனுக்கோ, தாம் பிறக்கும் முன்பே செத்துப்போன அந்த மனிதர் தம் வீட்டு அடுப்படிக்குள் புகுந்து மெட்டைத் திருடி, போகிற வழியில் கீழே போட்டு உடைத்துவிட்டார் என்ற நினைப்பு. பயிற்சிக்குப் பயிற்சி, ப்ளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டே உடைந்த மெட்டை ஒட்டவைப்பார்.

"நோட்டுல இருக்கறதப் பாடுங்கண்ணே."

"நோட்டே தப்பு டீச்சர்."

கடைசிச் சரணத்துக்கு முன்னால்தான் வில்லங்கம். அங்கே நான்கு எண்ணிக்கை முழு மௌனம். அந்த ஊர்த் திருவிழாவில் வாத்தியக்காரர்கள் ஒரு சரணத்தை முடித்தால், எவனாவது முன்னால் போய் நின்று அடுத்ததை எடுத்துக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கே மானக்கேடு. பாட்டு நின்றால் கால்கள் தாமாக நடக்கும்.

வட்டாரப் போட்டியில் ஜெயித்தால் தலைநகர் பிராக்கில் மேடை. டீச்சருக்குப் பதினோரு வருஷக் கனவு.

"அந்த நாலு எண்ணிக்கையில வாயத் திறந்தீங்க, அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க."

"செத்தாலும் திறக்க மாட்டேன், போதுமா?"

போட்டி நாள். மௌனம் வந்தது. ஒன்று. இரண்டு. வெண்டலீன் முகம் பீட்ரூட்டாகியது; உதடு அசையவில்லை. மூன்று. தலைமை நடுவர், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர், மேஜையை விட்டு எழுந்து மேடைக்கு முன்னால் வந்து, கையை உயர்த்தி அடுத்த சரணத்தை முழங்கினார்.

டீச்சர் பேசாமல் கையசைத்துத் தொடர்ந்திருந்தால் பிராக் கைக்குள். தொடர்ந்தாரா? நடுவர் பக்கம் திரும்பினார்.

"நிறுத்துங்கய்யா. கடைசி வரிய இப்படியா வெட்டுவாங்க? எங்கம்மா ஊர்ல இழுப்பாங்க."

இழுத்தும் காட்டினார். எட்டுச் சரணம். கண்ணில் தண்ணீரோடு.

"நீங்களும் தப்பு டீச்சர்" என்றார் வெண்டலீன், வாக்கைக் காப்பாற்றிய களைப்போடு.

பிராக்குக்கு வேறு குழு போனது.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. 'மொராவியாவில் இப்படிப் பாடமாட்டார்களே, நான் கேள்விப்பட்டது வேறு' என்று நடுவில் மனசுக்குள் திருத்தியவர் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு வந்து சிரிக்கலாம்.