கீபோர்டில் ஒரு தும்மல்

இனிமேல் சத்தமே போடாமல் வாழ்வது என்று ஒருநாள் முடிவு செய்தேன். கல்யாணமான ஆம்பளை ஏற்கெனவே அப்படித்தானே வாழ்கிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். வாயைச் சொல்லவில்லை. அது எப்போதோ அடங்கிவிட்டது. நான் சொல்வது விரல் சத்தத்தை.

என் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிறவள். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பீப் என்று கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பாள். காலையில் போனால் மதியம் திரும்பிவிடுவாள். காது கேட்காதவர்களோடு அரைநாள் இருந்துவிட்டு வருவதால், மிச்ச அரைநாள் உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்டே தீருவாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது எடுத்தால், எடுத்தது ஜாம் பாட்டிலா வெண்ணெய் டப்பாவா என்று பாத்ரூமுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவாள். இப்பேர்ப்பட்டவளிடம் ஒளிவுமறைவு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது என் தலையெழுத்து.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மிக்சி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி வாங்கினால் உள்ளே ஒரு குட்டிப் புத்தகம் இருக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காத புத்தகம், அதை எழுதுகிற மகானுபாவன் நான்தான். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை ஓட்ட அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்பது வேறு விஷயம். போன வருஷத்து மெஷினுக்கும் இந்த வருஷத்து மெஷினுக்கும் ஒரு பட்டன்தான் வித்தியாசம். பழைய புத்தகத்தில் அந்தப் பட்டனை மட்டும் மாற்றிவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் என் வேலை முடிந்துவிடும். இது கம்பெனிக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியாது.

தெரிந்தால் ரூம் போய்விடும். அதுதான் என் பயமெல்லாம். எங்கள் வீட்டில் படுக்கையறை போக ஒரே ஒரு சின்ன ரூம். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள். அதன் மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஒருநாள் தெளிவாகச் சொல்லியே விட்டாள்.

"காலையெல்லாம் பீப் பீப்புனு கேட்டுட்டு வரேன். எனக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார ஒரு இடம் வேணுங்க. உங்களுக்கு வேலை இருக்கிற வரைக்கும் ரூம் உங்களுது. வேலை இல்லைன்னா எனக்கு."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் அன்றிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே உட்கார ஆரம்பித்தேன்.

சரி, மதியத்துக்கு மேல் உள்ளே என்னதான் செய்தேன்? ஸ்விட்ச் அமுக்கிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நல்ல கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு. நீல ஸ்விட்சை அமுக்கினால் பால்பாயின்ட் பேனாவைத் தட்டியது போல 'டிக்' என்று பேசும். பழுப்பு பேசாது, பாதி வழியில் விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சிவப்புக்கு மேடும் கிடையாது, பேச்சும் கிடையாது. வழுக்கிக்கொண்டு நேராக அடிக்குப் போய் 'டொக்' என்று உட்காரும். அதற்குள் துளி எண்ணெய் தடவினால் 'டொக்' என்பது 'தொப்' ஆகும். எனக்கு முதன்முதலில் 'தொப்' கிடைத்த அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு நான் பழக்கம் வைத்துக்கொள்வதில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவர் எதிர் ஃப்ளாட் பல் டாக்டர். அவர் கிளினிக் கீழே தரைத்தளத்தில். விதவிதமான ஸ்விட்சுகளை வரிசையாகப் பதித்த ஒரு பலகையை அவர்தான் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கி, இது நீலம், இது பழுப்பு, இது ஸ்பிரிங் கனத்த பழுப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். மதியம் போவதே தெரியாது.

ஒருநாள் காபியை மேஜையில் வைத்துவிட்டு அவள் நின்றாள். காபியை வைத்துவிட்டு நிற்கிறாள் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

"ஒரு எழுத்து அடிக்கிறீங்க. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் வேற மாதிரி ஒரு எழுத்து. அது என்ன வேலைங்க?"

'வேற மாதிரி' என்றாளே, அங்கேதான் எனக்கு வேர்த்தது. சாத்திய கதவுக்கு வெளியே இருந்து நீலத்தையும் பழுப்பையும் பிரித்துக் கேட்டிருக்கிறாள். எனக்கே கண்ணை மூடினால் தடுமாறுகிற இடம் அது. எச்சரிக்கைப் பகுதி எழுதுகிறேன், ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத்தான் அடிக்க வேண்டும், தப்பாகப் போனால் யாருக்காவது ஷாக் அடித்துவிடும் என்று அளந்துவிட்டேன். அவள் "ம்" என்றாள். இந்த 'ம்' இருக்கிறதே, இதற்கு இதுவரை எந்தக் கம்பெனியும் உபயோகப் புத்தகம் போடவில்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தமில்லா சபதம். உள்ளே ரப்பர் வைத்த மௌன ஸ்விட்சுகளை டாக்டரிடம் வாங்கி வந்து மாட்டினேன். பஞ்சு மேல் பஞ்சு விழுகிற மாதிரி இருந்தது. மறுநாளே கதவு திறந்தது.

சத்தமே காணோமே, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று ரொம்பக் கரிசனமாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்கும்போது அவள் பார்வை என் மேல் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அந்த மூலையில் ஒரு சாய்வு நாற்காலி போட முடியுமா என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். எனக்குத் தெரியாதா.

சத்தம் போட்டாலும் சந்தேகம், போடாவிட்டாலும் சந்தேகம். மனுஷன் என்னதான் செய்வான்? நேராக டாக்டரிடம் போய் அழுதேன். அவர் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, தன் தொழில் ரகசியத்தைச் சொன்னார். பேஷன்ட் இல்லாத மதியங்களில், மேலே இருந்து அவர் மனைவி கடைக்குப் போகச் சொல்லி போன் செய்வாராம். உடனே இவர் பல்லைக் குடைகிற மெஷின் சத்தத்தை ரெக்கார்டில் ஓடவிட்டு, வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாராம். பல வருஷமாக நடக்கிறதாம். அந்த மனுஷன் காலில் விழாத குறைதான்.

மறுநாள் காலை, அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், நீல ஸ்விட்ச் கீபோர்டை எடுத்து வைத்து, பக்கத்தில் போனை வைத்து, ஒரு மணி நேரம் விடாமல் அடித்து ரெக்கார்ட் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேலை நான் பார்த்ததே இல்லை. முடியப் போகிற நேரத்தில் தூசி மூக்கில் ஏறி ஒரு தும்மல். எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அப்புறம் யோசித்தால், அடடா, இதைவிட நல்ல சாட்சி ஏது? மெஷின் தும்முமா? மனுஷன்தான் தும்முவான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் அமோகம். ஸ்பீக்கரில் 'டிக் டிக் டிக்' என்று ஓடுகிறது; நான் காலை நீட்டிக்கொண்டு பலகையில் மௌன ஸ்விட்சுகளை ருசிக்கிறேன். காபி வேணுமா என்று வெளியே இருந்து குரல் கொடுத்தாள். கொஞ்சம் கழிச்சு என்றேன். நான் பேசப் பேச டைப்பிங்கும் அது பாட்டுக்கு ஓடியது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் ரெக்கார்ட் தும்மியது. தும்மறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இரண்டாம் நாளும் தும்மியது. ஜலதோஷமா என்றாள். லேசாக என்றேன். மூன்றாம் நாள் நான் ரூமை விட்டு வந்தபோது ஒரு கையில் மருந்து பாட்டில், ஒரு கையில் கரண்டியோடு நின்றாள். அப்படி ஒரு கசப்பை நான் கண்டதில்லை. அதோடு விட்டாளா? ஐஸ் தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஃபேன் நிறுத்தப்பட்டது. சாயங்காலம் ஆனால் போர்வைக்குள் என் தலையை அமுக்கி ஆவி பிடிக்க வைத்தாள். ரெக்கார்டுக்கு வந்த ஜலதோஷத்துக்கு நான் வைத்தியம் பார்த்துக்கொண்டேன். தும்மலை வெட்டி எறிந்துவிடலாம்தான். ஆனால் மருந்து கொடுத்ததும் தும்மல் நின்றுவிட்டது என்று ஆகிவிட்டால், அந்தக் கசப்பு நம் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். அதனால் தினமும் தும்மினேன். தினமும் குடித்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் அன்பாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைத் தட்டுவதில்லை. திரைச்சீலை மாட்டக் கூப்பிடுவதில்லை. வாசலில் யாராவது என்னைத் தேடி வந்தால், அவர் வேலையா இருக்கார் என்று கிசுகிசுத்து அனுப்பிவிடுகிறாள். ரூம் பேச்சையே எடுப்பதில்லை. என்னிடம் எதையும் கேட்காமல் அவள் ஒரு வாரம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. என்னவோ நடக்கிறது என்று என் மனசு அடித்துக்கொண்டது.

துப்பறிய ஆரம்பித்தேன். தடயங்கள் கிடைத்தன. தொட்டியில் கழுவாத காபி கப் இரண்டு. சோஃபாவில் நான் உட்காருகிற மெத்தையில் புதுசாக ஒரு பள்ளம். டிவி மேல் அளவெடுக்கிற டேப். டேப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் உள்ளே இருக்கும்போதே யாரோ ஆசாரியை வரவழைத்து, காபி கொடுத்து உபசரித்து, என் ரூமுக்குச் சாய்வு நாற்காலி செய்ய அளவு சொல்லிக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு.

ஆனால் எப்படிப் பிடிப்பது? அங்கேதான் சிக்கல். ரெக்கார்ட் ஓடும்போது நான் வெளியே போனால், நான் வெளியே நிற்க, உள்ளே கீபோர்ட் தானாக அடித்துக்கொண்டிருக்கும். ரெக்கார்டை நிறுத்திவிட்டுப் போனால் அவள் உஷாராகிவிடுவாள். தாகம் எடுத்தாலும் போக முடியாது, மற்றது எடுத்தாலும் போக முடியாது. அந்த ஒரு மணி நேரமும் நான் என் ரூமில் நானே போட்டுக்கொண்ட சிறையில் இருந்தேன்.

கடைசியில் ஒருநாள் துணிந்துவிட்டேன். ரெக்கார்ட் அது பாட்டுக்கு ஓட, தாழ்ப்பாளை மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக்கினேன். எண்ணெய் போட்ட சிவப்பு ஸ்விட்ச் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கதவை ஒரு விரல் அளவு திறந்து, ஒற்றைக் கண்ணை வைத்தேன்.

ஆசாரியைக் காணோம். என் இடத்தில், என் மெத்தையில், டீப்பாய் மேல் காலை நீட்டிக்கொண்டு அவள். பக்கத்தில் பல் டாக்டரின் மனைவி. இரண்டு பேர் கையிலும் காபி. டிவியில் ஏதோ படம் ஓடுகிறது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் தும்மியது.

"தும்மல் வந்துருச்சு," என்றாள் என் பெண்டாட்டி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. காபியைக் குடிச்சிருங்கக்கா."

"உங்க வீட்டுக்காரர் பரவாயில்லை. புது ரெக்கார்ட்," என்றார் டாக்டரின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் இன்னும் பழைய மெஷின் சத்தத்தையே போட்டுட்டிருக்கார். கிளினிக்குல மெஷினை மாத்தி ஒரு வருஷமாச்சு."

நான் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெக்கார்ட் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம், பழக்கதோஷம், நெட்டி முறித்துக்கொண்டே வெளியே வந்தேன். டாக்டரின் மனைவி இல்லை. கப் இல்லை. அவள் மருந்துக் கரண்டியோடு நின்றாள். வாயைத் திறந்தேன். ஊற்றினாள்.

யாராவது வந்திருந்தார்களா என்று கேட்டேன்.

"அதான் பாத்தீங்களே. தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே என்றாள்.

"பேசினா உங்க விரல் நின்னுடும். கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். அன்னைக்கு நிக்கலை."

"தெரிஞ்சுமா எனக்கு மருந்து குடுத்தே?"

"ரெக்கார்டுக்குக் குடுக்க முடியாதே."

மனசுக்குள் ரூமிடம் விடைபெற்றுக்கொண்டேன். என் ஜன்னல், என் மேஜை, என் தாழ்ப்பாள். எப்போது காலி பண்ண வேண்டும் என்று கேட்டேன்.

"ரூம் உங்களுக்கே இருக்கட்டும்," என்றாள். "கதவைச் சாத்திக்கிட்டு உட்கார ஒரு இடம் கேட்டேன். நீங்க உள்ள போய்ச் சாத்திக்கிட்டா, மிச்ச வீடு மொத்தமும் எனக்குத்தானே? தும்மல் வரைக்கும் நீங்க வெளியில வரவே மாட்டீங்க. இந்த மாதிரி நிம்மதி எனக்கு எந்த ரூம்ல கிடைக்கும்?"

டேப்பைப் பற்றிக் கேட்டேன். ஹால் சுவருக்காம். இதைவிடப் பெரிய டிவி வைக்க இடம் போதுமா என்று பார்த்தார்களாம்.

பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள்: "ஒரு மணி நேரம் பத்தலைங்க. படம் பாதியில நிக்குது. நாளைக்குக் கொஞ்சம் நீளமா ரெக்கார்ட் பண்ணிடுங்க. தும்மலை மட்டும் எடுத்துடாதீங்க, டிவியை அணைக்க அதுதான் எங்களுக்கு அடையாளம்."

அடுத்த நாள் அவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். நான் நீலக் கீபோர்டை வைத்துக்கொண்டு, விரல் வீங்க வீங்க, முழுசாக ஒரு சினிமா ஓடுகிற நேரத்துக்கு நிஜமாகவே வேலை பார்த்தேன். எல்லாம் முடிந்தது. தும்மல் மட்டும் வரவில்லை.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. சின்னத் தட்டு ஒன்று உள்ளே நகர்ந்து வந்தது, அதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள்.