இருபத்தேழாம் நம்பருக்குப் பத்து கம்ப்ளைண்ட்

"ஆறு மாசமா ஒரு கம்ப்ளைண்ட் கூட வரலையே சோலை, அதுதான் இப்பப் பிரச்சனை" என்றார் கேம்ப் இன்சார்ஜ் கலீலுர் ரஹ்மான்.

சோலையப்பனுக்கு இது பாராட்டா, திட்டா என்று பிடிபடவில்லை. பதினாறு வருடமாக சைட்டில் கம்பி கட்டுகிறவன். கட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் அதுதான் அவனுக்குத் தெரிந்த சபாஷ்.

"குறை வரலைன்னா நல்லதுதானே பாய்?"

"டிவி விஷயத்துல அப்படி இல்லையாம். இந்தத் தம்பி என்ன சொல்லுதுன்னு நீயே கேளு."

தம்பி என்பது ஆதித்யா, கேபிள் கம்பெனியின் ஆள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மரியாதை தெரிந்தவன், தமிழ்தான் கொஞ்சம் கம்மி.

"அங்கிள், சிம்பிள் லாஜிக். கிரிக்கெட் சேனல் ரெண்டு நிமிஷம் நின்னா அம்பது பேர் கால் பண்ணித் திட்டறாங்க. உங்க ட்வென்டி செவனுக்கு ஜீரோ கம்ப்ளைண்ட். ஸோ, யாரும் பாக்கல."

துபாய் சோனாப்பூரில் இருக்கும் அந்தத் தொழிலாளர் கேம்ப்பில் அறுநூறு பேர். ரூமுக்கு ஒரு டிவி. கேபிள் ஒப்பந்தம் போட்டபோது கேம்ப் கமிட்டி ஒரு நிபந்தனை வைத்தது: ஒரு சேனலை இங்கே தங்கியிருப்பவர்களே நடத்திக்கொள்ள விட வேண்டும். விட்டார்கள், இருபத்தேழாம் நம்பர். யார் நடத்துவது என்று கேட்டபோது அறுநூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். சோலையப்பன் மட்டும் கையைத் தூக்கினான்.

அன்று முதல் ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்குக் கீழ்த்தள ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி, ஒரு கேமரா, ஒரு மைக். பக்கத்தில் அவன் முகம் தெரிய ஒரு குட்டி டிவி. "வணக்கம், நான் உங்கள் சோலையப்பன்" என்று தொடங்கினால் அரை மணி நேரம் நிற்காது. யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது, எந்த ஊரில் எப்போது கோயில் கொடை, விமானத்தில் எத்தனை கிலோ விடுவான் என்று சகலமும் வரும். வாரத்தில் ஆறு நாள் அவன் ஹெல்மெட்டில் ஒட்டிய நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மணி நேரம் மட்டும் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத்தான் இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள்.

"வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடுது" என்றார் கலீல் பாய். "அதுக்குள்ள பத்து கம்ப்ளைண்ட் பெட்டியில விழுந்தா, சனம் பாக்குதுன்னு அர்த்தம். ஒரு வருஷத்துக்குப் பர்மிட்ல நானே சீல் வைக்கிறேன். விழலைன்னா மாஃபி, சேனல் கிடையாது. அதுல அவங்க விளம்பரம் போட்டுக்குவாங்க."

சோலையப்பன் நேராகத் தன் ரூமுக்கு வந்தான். கீழ்க்கட்டிலில் பாலகுரு படுத்திருந்தான். ஒரே ரூம், ஒரே சைட், தம்பி மாதிரி.

"டேய், என் நிகழ்ச்சியப் பத்தி ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடு."

பாலகுரு எழுந்து உட்கார்ந்தான். "கம்ப்ளைண்டா? உங்க மேலயா? ஆளை விடுங்கண்ணே."

"சும்மா ஒரு குறை சொல்லுடா."

"குறையே இல்லையேண்ணே."

"போன வாரம் உனக்குப் பிடிக்காதது ஒண்ணுகூடவா இல்ல?"

பாலகுரு மின்விசிறியைப் பார்த்தான். "எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

"எது நல்லா இருந்துச்சு?"

"அதான் சொல்றேனே. எல்லாமே."

மாடி மாடியாக ஏறி இறங்கினான். எல்லா ரூமிலும் இதே பாட்டு. கம்ப்ளைண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அங்கே ஆட்களுக்கு ஜுரம் வரும். ஆபீஸ்காரன் முதலில் பெயர் கேட்பான், அப்புறம் ஐடி நம்பர் கேட்பான், அப்புறம் "உனக்கு என்ன பிரச்சனை" என்பான். யாருக்கு வேண்டும் அந்த வம்பு.

வேறு வழியில்லாமல் சோலையப்பன் உண்மையைச் சொன்னான். "கம்ப்ளைண்ட் வரலைன்னா கேன்சல் பண்ணிடுவாங்கப்பா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வளைகுடாவில் கேன்சல் என்றால் சேனலா, சினிமா டிக்கெட்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசா, அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டு வரிசை முடிவதற்குள் சோலையண்ணனுக்குக் கேன்சல் அடித்துவிட்டார்கள், ஆள் ஊருக்குக் கிளம்புகிறார் என்று அறுநூறு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் கட்டிலில் அவனுக்குப் படுக்க இடமில்லை. தைலப் பாட்டில்கள், சோப்புக் கட்டுகள், பால் பவுடர், இரண்டு கம்பளி, ஒரு பொம்மை ஹெலிகாப்டர், ஒரு மிக்ஸி. எல்லாவற்றிலும் பேனாவால் ஊர்ப் பெயர் எழுதி, 'வீட்டில் கொடுத்துவிடவும் அண்ணே' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அவன் மனைவி சீதாலட்சுமி போன்.

"ஏங்க, கேன்சல்ல வர்றீங்களாமே? மேலத்தெரு விஜி வந்து சொல்லிட்டுப் போறா. அவ வீட்டுக்காரரு மிக்ஸி குடுத்து விட்டிருக்காராம்ல."

"எனக்குக் கேன்சல் இல்லடி. சேனலுக்கு."

"எந்தச் சேனலு? நீங்க வருவீங்களே, அந்த டிவியா?"

"அதேதான்."

"என்னங்க இப்படி இடியத் தூக்கிப் போடுறீங்க. எங்க வீட்டுக்காரரு துபாய் டிவியில வர்றாருன்னு ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கேன். இதுக்கு உங்க வேலையே போயிருக்கலாம்."

பார்சல்களைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. கொடுத்த மிக்ஸியை வாங்க மாட்டேன் என்று விஜியின் புருஷன் ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றான். சனிக்கிழமை போய் கம்ப்ளைண்ட் பெட்டியை ஆட்டிப் பார்த்தான் சோலையப்பன். ஒரு காகிதச் சத்தம்கூட இல்லை.

ஆகவே ஞாயிறு நிகழ்ச்சியைக் கெடுப்பது என்று முடிவெடுத்தான். திட்டினால்தானே ஜனங்களுக்கு ரோஷம் வரும்.

அன்று பதினோரு மணிக்குத் தீயணைப்பு விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு பாடினான். அவன் பாடக்கூடாது என்பது சைட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதினாலாம் ரூம் பாலகுரு கேரம் ஆடும்போது காயை முழங்கையால் தள்ளுகிறார் என்பதைப் பொதுமக்களுக்கு அறிவித்துக்கொள்கிறேன்" என்றான். மெஸ் சமையல்காரர் பன்னீர்செல்வத்தின் சாம்பாரில் பருப்பே கிடையாது என்றும், அது கரண்டி கழுவிய தண்ணீர்தான் என்றும் சொன்னான். கடைசி ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் கேமராவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடி விழும் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தான். வெளியே பாலகுரு கையில் டீயுடன் நின்றான்.

"சூப்பர்ண்ணே. இன்னைக்குத்தான் பெஸ்ட்டு."

"டேய், உனக்குக் கோவம் வரலையா?"

"உங்க மேல எனக்கு என்னண்ணே கோவம்?"

மெஸ்ஸில் பன்னீர்செல்வம் அவன் தட்டில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தார். "நல்லாப் பேசுனீங்க தம்பி, சாப்பிடுங்க" என்றார்.

சோலையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தி சிரிக்க மானத்தை வாங்கியவனுக்கு மீன் வைக்கிற மனசை என்னவென்று சொல்வது. இவர்களிடம் போய்க் குறை கேட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சாயங்காலம் பாலகுருவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிருடா."

"எதுக்குண்ணே?"

அதற்குள் மறந்தே போய்விட்டான், பெரிய மனசுக்காரன் என்று சோலையப்பன் இன்னும் உருகிப்போனான்.

"நாளையோட முடியுதுடா. நான் பேசுறத அறுநூறு பேர் கேக்குறாங்கன்னு நெனச்சுத்தான் அந்த ஆறு நாள் வெயிலயும் தாங்குனேன். அதுவும் போச்சுன்னா எனக்கு இங்க என்னடா இருக்கு?"

பாலகுரு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி அறையில் கலீல் பாய் பெட்டியைத் திறக்கப் போனார். திறக்க வேண்டியிருக்கவில்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு காகிதங்கள் மேசையில் கொட்டின. ஆதித்யா எண்ணிப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டு.

கலீல் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்து வாசித்தார். "'சமையல் நிகழ்ச்சியில் கோழிக் குழம்பில் காரம் அதிகம்.' நீ எப்பப்பா கோழிக் குழம்பு வச்ச?"

"வைக்கலையே பாய்."

"'நியூஸ் வாசிக்கும் அம்மா வேகமாக வாசிக்கிறார்.' எந்த அம்மா?"

சோலையப்பன் விழித்தான்.

"'டான்ஸ் ஆடும் பெண்ணை மாற்றவும்.' 'சோலையண்ணன் போடும் கோட்டு அவருக்கு லூசாக உள்ளது.' ஏன் சோலை, உன்கிட்ட கோட்டு இருக்கா?"

சோலையப்பனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"உண்மையான குறையை எழுதுனா நான் வருத்தப்படுவேன்னு, எங்கிட்ட இல்லாத குறையாப் பாத்து எழுதியிருக்காங்க பாய். கம்ப்ளைண்டுன்னாலே பயப்படுறவங்க, எனக்காகப் பேரு, ஐடி நம்பரோட எழுதியிருக்காங்க."

கலீல் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"அங்கிள், இவ்ளோ லாயலான ஆடியன்ஸ் எந்தச் சேனலுக்கும் கிடையாது" என்று சொல்லி ஆதித்யா கையெழுத்துப் போட்டான். கலீல் பாய் ஒரு வருடப் பர்மிட்டில் ஓங்கி சீல் குத்தி, "கலாஸ், முடிஞ்சுது" என்றார்.

வாசலில் கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். பாலகுரு மட்டும் ஏனோ சோலையப்பனின் முகத்தைப் பார்க்காமல் தட்டினான். சோலையப்பன் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். வாழ்க்கையில் தனக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று அந்த நிமிஷம் மனசாரத் தோன்றியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் ஏணியோடு கேம்ப் எலக்ட்ரீஷியன் மீராசா எட்டிப் பார்த்தார்.

"சீல் விழுந்துடுச்சா பாய்? அப்ப இன்னைக்கே மாட்டிடுறேன். பர்மிட் வராம ஒயரைத் தொடாதேன்னு நீங்க சொன்னதுல இருந்து, இந்த ஆறு மாசமா இருபத்தேழாம் நம்பருக்கு நான் ஒரு ரூமுக்குக்கூடக் கனெக்ஷன் குடுக்கலை."