பெட்டி ஒப்புக்கொண்ட முட்டை

ஒரு காட்டில், ஊரை ஒட்டிய ஓர் அரச மரத்தில், அஞ்சனம் என்ற காகம் குடியிருந்தாள். காடு என்றதும் புலி வருமோ, சிங்கம் வருமோ என்று பயப்பட வேண்டாம். அவர்களெல்லாம் மேலிடம். இந்த மாதிரிச் சில்லறைக் கதைகளுக்கு இறங்கி வரமாட்டார்கள்.

அஞ்சனத்துக்கு ஊருக்குள் உத்தியோகம். எந்த வீட்டில் சோறு வைத்து 'கா கா' என்று கூப்பிட்டாலும் போய் நின்றாக வேண்டும். அதிலும் அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். தெரு முழுக்க மொட்டை மாடியில் இலையோடு காத்துக்கொண்டிருப்பார்கள். அவள் வாய் வைக்காமல் வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாது. ஒரு மாடியில் செத்துப்போன மாமனார், அடுத்த மாடியில் பெரியத்தை, அதற்கடுத்த மாடியில் யாரென்றே தெரியாத தூரத்துச் சித்தப்பா என்று மாறி மாறி நடிக்க வேண்டிய வேலை. இதற்கு நடுவில் முட்டை மேல் யார் உட்காருவது? அவள் புருஷன் என்ன செய்தான் என்று கேட்டு இந்தக் கதையின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

அதனால்தான் அவள் 'சுகப்பொரி' பெட்டியை வாங்கினாள். முட்டையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், தாய் வயிற்றுச் சூட்டை அதுவே கொடுக்கும். முகப்பில் ஒரு திரை இருக்கும், வாய்விட்டுப் பேசவும் செய்யும். உள்ளே அவள் இட்ட முட்டைகள் நாலு. ஐந்தாவது ஒன்றும் இருந்தது. எதிர்மரத்துக் குயில் கானமணி, அஞ்சனம் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டுப் போனது அது. கூடு போய்ப் பெட்டி வந்தாலும் குயில் குயில்தானே! அஞ்சனத்துக்கு இது தெரியாது. காக்கைக்கு இதெல்லாம் என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் பெட்டி ஜில்லிட்டுப்போனது.

அஞ்சனம் கணக்குப் போட்டாள். இன்றைக்கு உட்கார்ந்துவிடலாம். நாளைக்கு? மகாளயத்துக்கு வராத காக்கையின் தெருவை அடுத்த காக்கை பிடித்துக்கொள்ளும். தெரு போனால் சோறு போச்சு, பொரிக்கிற குஞ்சுக்கு எதை ஊட்டுவது? முட்டைகளை இறக்கைக்குள் அணைத்தபடியே, பழுது பார்க்கிற மரங்கொத்தி கொண்டையனைக் கூப்பிட்டாள்.

கொண்டையன் பெட்டியைக் கொத்திப் பிரித்தான். "ஒண்ணுமில்லக்கா, சூடேத்துற கம்பி கருகிப்போச்சு. எங்கிட்ட பழைய சுகப்பொரி ஒண்ணு கிடக்கு. அதுல இருக்கிறதைக் கழட்டி மாட்டிடறேன்" என்றான். மாட்டினான். பெட்டி கண்விழித்து, "அந்நிய உறுப்பு. வெப்பம் தர இயலாது" என்றது.

"என்னடா அந்நியம்? ரெண்டும் ஒரே கம்பெனிதானே?"

"ஒரே கம்பெனி, ஒரே அச்சுக்கா. ஆனா இது அந்தப் பொட்டியோட கம்பியாம், இந்தப் பொட்டியோடது இல்லையாம். கம்பெனி மென்பொருளை வச்சு ரெண்டுக்கும் அறிமுகம் பண்ணி வைக்கணும். அது எனக்குக் கொடுக்க மாட்டாங்க."

"அடப்பாவி! வயித்துல பொறந்த முட்டை எதுன்னு நான்கூட இவ்வளவு சோதிச்சது இல்லையேடா!"

எதிர்மரத்தில் கானமணிக்குப் புரையேறியது.

முட்டைகளுக்குக் காவலாகப் புருஷனை உட்கார வைத்துவிட்டு (அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தான்) அஞ்சனம் கம்பெனியின் சேவை மையத்துக்குப் பறந்தாள். அங்கே வரிசை. முன்னால் ஆமை நின்றது. அதற்கும் முன்னால் நிற்க வேண்டிய முயல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கம்ப்யூட்டருக்கு எதிரில் நரியார் சம்புலிங்கம், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், கம்பி நல்ல கம்பி. உங்க கம்பெனி கம்பி. ஒரு பட்டனைத் தட்டினா போதுமாம், கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"கம்பி நல்ல கம்பின்னு எனக்குத் தெரியுது மேடம். பெட்டிக்குத் தெரியணுமே" என்றார் சம்புலிங்கம். "அமாவாசை கழிச்சு வாங்க. சர்வர் மெதுவா இருக்கு."

"அதுக்குள்ள என் பிள்ளைங்க விறைச்சுப் போயிடும் சார்!"

"அதுக்குத்தான் மேடம், ஒரிஜினல் பாகம் வாங்குங்கன்னு சொல்றோம்."

அஞ்சனம் அழுதுகொண்டே திரும்பினாள். புருஷன் போய்விட்டிருந்தான். கொண்டையன் மட்டும் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முட்டைகளுக்குப் பக்கத்தில் கானமணி தவித்துக்கொண்டு நின்றாள். அடைகாக்கும் வழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் அந்த முகத்தில் இருந்த கவலை நிஜம். நிஜமாக இருக்கக் காரணமும் உள்ளே இருந்தது.

"அழாதீங்கக்கா. புதுசை உள்ளே விடணும்னா அதோட நல்ல குணத்தை எடுத்துச் சொல்லி என்ன பிரயோஜனம்? பழசோட அடையாளத்தை அது மேல ஒட்டி விடணும். கொண்டையா, கருகின கம்பியோட ஓரத்துல மிளகு மாதிரி ஒரு சில்லு இருக்கு பாரு. அதைப் பேத்து இதுல வை."

கொண்டையன் பேத்து வைத்தான். பெட்டி ஒரு கணம் யோசித்தது. "நல்வரவு, பழைய நண்பரே" என்றது. உள்ளே கதகதப்பு பரவியது.

அஞ்சனம் கானமணியைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "எப்படிடி உனக்கு இதெல்லாம் தெரியும்?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்க்கா" என்றாள் கானமணி அடக்கமாக.

மறுநாள் அஞ்சனம் நிம்மதியாக வேலைக்குப் போனாள். ஒரு தெரு முழுக்க முன்னோராக வாழ்ந்து வடையும் எள்ளுருண்டையும் தின்றாள். ஆனால் பெட்டி சும்மா இருக்குமா? நடந்ததையெல்லாம் கம்பெனிக்கு வத்தி வைத்துவிட்டது. கம்பெனியும் உடனே ஒரு புது மென்பொருளை அனுப்பிவிட்டது. சில்லை மாற்றிய குற்றத்தைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியவில்லை. ஆனால் எதையாவது சந்தேகப்பட்டே தீர வேண்டும் என்று அதற்கு உத்தரவு. ஆகவே முட்டைகளைச் சந்தேகப்பட்டது.

"உள்ளே இருப்பவை அசல்தானா? உரிமையாளர் கால் வைத்து உறுதி செய்யவும்" என்று பெட்டி கூவியது. பக்கத்தில் இருந்தது கானமணி மட்டும்தான். தன் முட்டையைக் காட்டிக் காலை வைத்தாள். "இது உன் முட்டைதானா?" என்றது பெட்டி. "சத்தியமா" என்றாள். "மற்றவை?" "என்னோடது இல்லை."

கேட்டுக்கொள்ளுங்கள், அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

அஞ்சனம் ஏப்பம் விட்டபடி வந்து பார்த்தால், திரையில் 'அசல் ஒன்று, போலி நான்கு' என்று எழுதியிருந்தது. நாலு முட்டைகளை வெளியே தள்ளிவிட்டுப் பெட்டி கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

அவள் சேவை மையத்துக்கு ஓடினாள். "நான் முக்கிப் பெத்த முட்டை சார்! போலிங்குது!"

"உங்க முட்டையாத்தான் இருக்கும் மேடம்" என்றார் சம்புலிங்கம், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா பெட்டிக்குத் தெரியணுமே. இவ்வளவு பெரிய கம்பெனி தப்பா சொல்லுமா? நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அஞ்சனம் வழியெல்லாம் யோசித்தாள். யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வந்தது. அந்தக் கம்பியும் பார்க்க ஒரே அச்சில்தானே இருந்தது? அதுவே அந்நியம் என்றால் முட்டை எம்மாத்திரம்? கூட்டுக்கு வந்து நாலையும் புரட்டிப் பார்த்தாள். யாரோ பெற்றுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பாவம், எந்தப் படுபாவி விட்டுட்டுப் போனாளோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நாலின் மேலும் ஏறி உட்கார்ந்தாள். அவள் பிடித்த தெரு கைமாறியது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. காக்கைக்கு மூளை எப்படியோ, மனசு பெரிது.

எல்லாம் பொரிந்தன. பெட்டியிலிருந்து வந்தது ஒருநாள் "குக்கூ" என்றது. அஞ்சனம் பூரித்துப்போனாள். "அசல் அசல்தான்! என் குரல் அப்படியே வந்திருக்கு பார்!" கூட்டில் இருந்த நாலும் "கா, கா" என்று கத்தின. அவள் அவற்றின் வாயில் சோற்றை வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"எங்கேயோ பொறந்ததுங்க. எவ்வளவு சீக்கிரம் நம்ம பேச்சைக் கத்துக்கிச்சு பாரேன்!"

நீதி: காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், கம்பெனி ஒப்புக்கொண்டால்.